அட்டுவம்பட்டிக்கு வருகிறவர்களுக்கு

கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது என்று சொன்னால் வெளிநாட்டிலிருந்து வரும் நம்மவர்களில் பாதிப்பேர், "அந்த மலையிலா பல்கலைக்கழகம்?" என்று கேட்கிறார்கள். 1984-ல் தமிழ்நாடு அரசு பெண்களுக்கென்றே தொடங்கியது. ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்டுகிற கூட்டத்துக்கு அது இருப்பதே தெரியாது. ஊருக்கு வெளியே சில கிலோமீட்டர் தள்ளி, அட்டுவம்பட்டியில் இருக்கிறது. நான் அங்கே ஆய்வு மாணவியாக இருந்தவள். படிப்பு முடிந்த பிறகும் டொரண்டோ, லண்டன், கோலாலம்பூரிலிருந்து நான் படித்த துறைக்கு வருகிறவர்களை அழைத்துக்கொண்டு போகிற வேலை எப்படியோ என்னிடமே வந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. மதுரையிலிருந்து காலையில் கிளம்பி, துறையில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு, ராத்திரி மதுரைக்கே திரும்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். வரைபடத்தில் 120 கிலோமீட்டர்தான். ஆனால் அதில் பாதி மலைப்பாதை. லண்டனிலிருந்து வந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரை ஒரு வெள்ளிக்கிழமை அப்படி அழைத்துப் போனேன். பதினொரு மணிக்குப் பேராசிரியரைப் பார்ப்பதாக ஏற்பாடு. ஏழு மணிக்குக் கிளம்பினோம். பெருமாள்மலை தாண்டியதும் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. வெள்ளி நீர்வீழ்ச்சி சுங்கச்சாவடியைக் கடக்கவே ஒரு மணி நேரம் ஆனது. துறைக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்றரை. பேராசிரியர் சாப்பிடாமல் காத்திருந்தார், அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. அக்கா லண்டனிலிருந்து சுமந்து வந்த பழைய சிற்றிதழ்க் கட்டைப் பிரித்துக் காட்டக்கூட நேரம் கிடைக்கவில்லை. திரும்பும்போது வத்தலக்குண்டு வரை அவர் பேசவே இல்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும், முதல் நாள் மாலையே மலையேறிவிடுங்கள், இரண்டு இரவு தங்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.

வருகிற வழியைப் பார்ப்போம். கொழும்பிலிருந்து நேராக வருகிறவர்களுக்கு மதுரை விமான நிலையம் வசதி. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து திருச்சிக்கு விமானம் அதிகம். அங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர். கோவையில் இறங்குகிறவர்கள் பழனி வழியாக ஏறலாம். இ-விசாவில் வந்தால் சென்னை, திருச்சி, மதுரை, கோவை நான்கிலும் இறங்கலாம். சென்னையில் இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது எழும்பூரிலிருந்து ராத்திரி கிளம்பும் பாண்டியன் எக்ஸ்பிரஸ். விடியும் முன்பே கொடைரோட்டில் இறக்கிவிடும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். கொடைரோடு கொடைக்கானல் அல்ல. அது அடிவாரத்தில், அம்மையநாயக்கனூரில் இருக்கிற ஸ்டேஷன். அங்கிருந்து மலைக்கு 80 கிலோமீட்டர், மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் வாசலில் டாக்சி நிற்கும். பஸ்தான் வேண்டுமென்றால் வத்தலக்குண்டு போய் அங்கே மாறுவது நல்லது. மதுரையிலிருந்து வருகிறவர்கள் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும், மாட்டுத்தாவணிக்கு அல்ல.

வத்தலக்குண்டில் வயிற்றுக்கு லேசாக ஏதாவது சாப்பிடுங்கள். இரண்டு இட்லி போதும். பூரி, பொங்கல் வேண்டாம். காட்ரோடு தாண்டி வளைவு தொடங்கியதும் புரியும். தலை சுற்றுகிறவர்கள் முன் சீட்டில் உட்கார்ந்து, கையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். டம்டம் பாறை பக்கம் வரும்போது ஜன்னல் வழியாக வருகிற காற்று சட்டென்று மாறும். அதுவரை வேர்த்துக்கொண்டிருந்த கழுத்தில் குளிர் படும். அந்த இடத்தில்தான் எல்லோரும் பைக்குள் ஸ்வெட்டரைத் தேடுகிறார்கள். அதை டிக்கியில் போட்டுப் பூட்டிவிடாமல் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கனடாக் குளிரைப் பார்த்தவர்கள் கொடைக்கானல் குளிரை ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. கனடாவில் வீட்டுக்குள் வெப்பம் உண்டு. இங்கே வகுப்பறையிலோ விடுதி அறையிலோ ஹீட்டர் இருக்காது. வெளியே இருக்கிற குளிர்தான் உள்ளேயும். ஏழாயிரம் அடி உயரம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் பத்து டிகிரிக்குக் கீழே போய்விடும். அந்த லண்டன் அக்காவே, "என்ன பிள்ளை, உந்தக் குளிரைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லையே" என்று என் சால்வையை வாங்கிப் போர்த்திக்கொண்டார். காலுறை கட்டாயம் எடுத்து வாருங்கள்.

வாடகைக் கார், சொந்தக்காரர் கார் எதுவானாலும் இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது. அரசின் இ-பாஸ் தளத்தில் வண்டி எண், ஆள் எண்ணிக்கை, வருகிற நாள், தங்கும் இடம் எல்லாம் கேட்பார்கள். உள்ளூர் எண் உள்ளவர்கள் கைபேசி எண்ணைக் கொண்டும், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மின்னஞ்சலைக் கொண்டும் பதியலாம். "டிரைவர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடாமல், கிளம்புவதற்கு முதல் நாளே பாஸை உங்கள் கைபேசிக்கு அனுப்பச் சொல்லுங்கள். கார் கடைசி நேரத்தில் மாறினால் வண்டி எண்ணும் மாறிவிடும்; பாஸையும் புதிதாக எடுக்க வேண்டும். 2025 சீசனில் வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று நீதிமன்றம் அளவு வைத்தது. அதனால் ஏப்ரல், மே, ஜூனில் வருகிறவர்கள் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். அரசு பஸ்ஸில் வந்தால் இந்தத் தொல்லையே இல்லை. தண்ணீர் பாட்டிலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலை மலையில் அனுமதிப்பதில்லை. வைத்திருந்தால் ஒரு பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள். அந்த மலையில் காட்டுமாடு பிளாஸ்டிக்கை மெல்லுவதைக் கண்ணால் பார்த்தவள் நான், அதனால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

இனி துறைக்கு எழுதுவது பற்றி. இதில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு பேராசிரியரிடம் "வருகிறேன்" என்று சொன்னால் போதும் என்று நினைக்கிறார்கள். அது அரசுப் பல்கலைக்கழகம், அதுவும் மாணவிகள் தங்கிப் படிக்கிற வளாகம். வாசலில் இருக்கிற காவலர் யார், எதற்கு என்று கேட்பார், கேட்கத்தான் வேண்டும். குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே துறைத்தலைவருக்குக் கடிதம் எழுதுங்கள். பதிவாளருக்கும் ஒரு பிரதி போகட்டும். நீங்கள் யார், எங்கே வேலை பார்க்கிறீர்கள், என்ன பேச விரும்புகிறீர்கள், எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதை ஒரே பக்கத்தில் எழுதினால் போதும். வருகிற பதிலை அச்செடுத்துப் பையில் வைத்திருங்கள். வாசலில் நிற்கும்போது சிக்னல் இல்லாமல் போனால் அந்தக் காகிதம்தான் கைகொடுக்கும்.

இன்னொன்றையும் கேட்டு உறுதி செய்யுங்கள். இந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சென்னை, மதுரை, கோவையிலும் மையங்கள் உண்டு. நீங்கள் பார்க்க வேண்டிய ஆசிரியர் அன்றைக்கு மலையில் இருப்பாரா, மதுரையில் இருப்பாரா என்று கேட்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

எந்த மாதம் என்று கேட்டால், ஜூலை, ஆகஸ்டும் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரையும் என்பேன். வகுப்பு நடக்கும், மாணவிகள் இருப்பார்கள். மே மாதம் மலர்க் கண்காட்சி, கோடை விழா என்று ஊரே நிரம்பி, அறை வாடகை இரண்டு மூன்று மடங்கு ஆகிவிடும். துறையோ விடுமுறையில் காலியாக இருக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. மண் சரிந்து பாதை அடைபடுவதும் உண்டு, பனிமூட்டத்தில் பத்தடிக்கு முன்னால் என்ன வருகிறது என்று தெரியாது. பொங்கலை ஒட்டிய வாரத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

விசா விஷயத்தைச் சுருக்கமாக, ஆனால் கண்டிப்பாகச் சொல்கிறேன். சுற்றுலா விசாவில் வந்து துறையை எட்டிப் பார்ப்பதும், தெரிந்த ஆசிரியரோடு பேசுவதும் வேறு. ஆய்வு செய்வது வேறு. சுற்றுலா விசாவில் ஆய்வுக்கு இடமில்லை. கருத்தரங்கில் கலந்துகொள்ள அதற்கென்று தனி விசா இருக்கிறது, அழைப்புக் கடிதம் கேட்பார்கள். ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள்) அட்டை வைத்திருப்பவர்கள் தங்களுக்கு எல்லாம் திறந்திருக்கிறது என்று நினைக்கிறார்கள். 2021 அறிவிக்கையின்படி ஆய்வுக்கு அவர்களும் முன்கூட்டியே சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். இந்த மலையில் வாழும் பளியர், புலையர் மக்களின் குடியிருப்புகளில் கள ஆய்வு செய்ய ஆசைப்படுகிறவர்கள் இதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் போவதற்கு வனத்துறை அனுமதி தனி. 2013-லிருந்து இந்தக் காடு வனவிலங்கு சரணாலயம். அப்புறம், நீங்கள் தங்குகிற இடம் விடுதியானாலும் பல்கலைக்கழக விருந்தினர் இல்லமானாலும், வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் வந்திருந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் உங்கள் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். பாஸ்போர்ட், விசா நகல் இரண்டு செட் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். விருந்தினர் இல்லம் வேண்டுமென்றால் துறைக்கு எழுதுகிற முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நிறைய விடுதிகள் உண்டு. வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று அறை எடுக்கும்போதே கேளுங்கள். பல இடங்களில் காலையில் மட்டும்தான்.

சிம் கார்டையும் பணத்தையும் கீழேயே பார்த்துவிட்டு ஏறுங்கள். சில்லறையாக நூறு, ஐம்பது ரூபாய்த் தாள்கள் வேண்டும். கொடைக்கானலில் ஆட்டோவை நம்ப முடியாது, டாக்சிதான். அட்டுவம்பட்டிக்குப் பேசும்போதே, காத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விடுவதற்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். மாலை ஐந்தரைக்கு மேல் பனி இறங்கியதும் அங்கே வண்டி பிடிப்பது சிரமம். அந்த நேரத்தில் காட்டுமாடுகளும் சாலைக்கு வரும். அமைதியாக மேய்கிறதே என்று கைபேசியை நீட்டிக்கொண்டு பக்கத்தில் போகாதீர்கள். அது நம்மைவிட வேகமாக ஓடும்.

துறைக்குள் போனதும் முதலில் துறைத்தலைவர் அறைக்குப் போங்கள். பெயர் சொல்லி அழைக்கிற வெளிநாட்டுப் பழக்கத்தை வாசலோடு விட்டுவிடுங்கள். 'மேடம்' என்றோ 'அம்மா' என்றோ சொன்னால் போதும். பொன்னாடை போர்த்துவார்கள். "இதெல்லாம் எதற்கு" என்று மறுக்க வேண்டாம்; அதை வாங்க யாரோ ஒரு மாணவி மழையில் ஊருக்குள் போய் வந்திருப்பாள். பதிலுக்கு சாக்லேட் டப்பா கொண்டு வருகிறார்கள். அதைவிடப் புத்தகம் கொண்டு வாருங்கள். ஈழத்து, மலேசியத் தமிழ்ப் பதிப்புகளும், டொரண்டோவிலும் பாரிஸிலும் நம்மவர்கள் நடத்திய சிற்றிதழ்களும் இங்கே எளிதில் கிடைப்பதில்லை. துறை நூலகத்துக்கு என்று ஒரு வரி எழுதி, பட்டியலோடு கொடுத்தால் பதிவேட்டில் ஏறி அலமாரிக்குப் போகும். சும்மா மேசையில் வைத்துவிட்டு வந்தால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பேசச் சொன்னால் நாற்பது நிமிடத்தில் முடித்துக்கொண்டு மாணவிகளைக் கேட்க விடுங்கள். என்னோடு படித்தவர்களில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். முதல் பத்து நிமிடம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பொறுத்திருங்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி வரும், அப்புறம் நிற்காது.

இரண்டாம் நாள் கையில் நேரம் இருந்தால் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போய் வாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. 1936-ல் அதைக் கட்டியவர் இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி அம்மையார். ஆஸ்திரேலியாவில் பிறந்து சைவத்துக்கு வந்தவர். 1913-ல் யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் இராமநாதன் பெண்களுக்காகத் தொடங்கிய கல்லூரியைப் பல காலம் கவனித்துக்கொண்டவரும் அவர்தான். மேகம் இல்லாத நாளில் அந்தக் கோயிலில் நின்றால் கீழே பழனி தெரியும். லண்டன் அக்கா அடுத்த வருடம் மறுபடி வந்தார், இந்த முறை மூன்று நாள். அந்தக் கோயில் மதிலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவருடைய அம்மா இராமநாதன் கல்லூரியில் படித்தவராம். குறிஞ்சி பூப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் 2030 வரை பொறுக்க வேண்டும்; 2018-ல் பூத்தது.

ஊருக்குத் திரும்பும்போது மலைப்பூண்டு வாங்குகிறவர்கள் பூம்பாறைப் பூண்டா என்று கேட்டு வாங்குங்கள். சின்னப் பல், காரம் அதிகம், நாள்பட இருக்கும். 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கான வேலையில் இந்தப் பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறைக்குப் பங்கு உண்டு. ஆஸ்திரேலியா போகிறவர்கள் சொந்தக்காரர் வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள், பச்சைப் பூண்டை அங்கே உள்ளே விட மாட்டார்கள். ராத்திரி ரயிலுக்குக் கொடைரோடு போக வேண்டியவர்கள் மூன்று மணிக்கே மலையை விட்டு இறங்கத் தொடங்குங்கள். வெளிச்சம் இருக்கும்போதே காட்ரோட்டைத் தாண்டிவிடலாம். ஸ்டேஷனில் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.