குளிர் தொடங்கிய பிறகு சம்மர் டயரில் ஸ்போர்ட்ஸ் கார்: எதுவரை ஓட்டலாம், எப்படி ஓட்டுவது

டொராண்டோவின் நவம்பர் வெயில் ஏமாற்றும். சாலை காய்ந்து கிடக்கும், பனி ஒரு பொட்டுகூட இருக்காது, ஆனால் காலை ஏழு மணிக்கு வெப்பநிலை 2 டிகிரிதான் காட்டும். மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ், பைலட் ஸ்போர்ட் கப் 2 போன்ற சம்மர் டயர் போட்ட போர்ஷே 911, கார்வெட், பிஎம்டபிள்யூ எம்3 எதுவானாலும் வழுக்குவதற்குப் பனி வேண்டியதில்லை. இந்தக் காலை போதும். ஆகவே வானிலைச் செய்தியில் பனி உண்டா என்று பார்ப்பதைவிட டிகிரியைப் பாருங்கள். காலை மட்டுமல்ல, இரவு வீடு திரும்பும் நேரத்து டிகிரியையும்.

சம்மர் டயரின் ரப்பர் சூட்டில் வேலை செய்வதற்காகக் கலக்கப்பட்டது. சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் அமுங்கி இறங்கினால்தான் பிடிப்பு கிடைக்கும். சுமார் 7 டிகிரிக்குக் கீழே அது இறுகத் தொடங்கி, மேலோடு உரசிக்கொண்டு போகும். இதைவிட மோசம், அது சொல்லாமல் கைவிடுவது. சூடான டயர் பிடி விடுவதற்கு முன் முனகும், ஸ்டீயரிங்கில் தெரியும். குளிர்ந்த டயர் திடீரென்று விட்டுவிடும்.

எங்கள் கணக்கு இது. 10 டிகிரிக்கு மேல் வழக்கம்போல் ஓட்டலாம், முதல் சில கிலோமீட்டர் மட்டும் பொறுமை. 10-லிருந்து 0 வரை, சாலை காய்ந்திருந்தால், கீழே சொல்வதுபோல் ஓட்டலாம். ஈரமாக இருந்தால் காரை எடுக்காதீர்கள். 0-க்குக் கீழே வேறு காரில் போங்கள். மைனஸ் 7-க்குக் கீழே காரை ஓர் அடிகூட நகர்த்த வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது. பனியோ ஐஸோ இருந்தால் வெப்பநிலை என்னவாக இருந்தாலும் கூடாது. இந்த டயர்களின் பெரிய, வழுவழுப்பான ரப்பர் கட்டைகளில் பனியைக் கவ்வும் சிறு வெட்டுகள் கிடையாது. நான்கு சக்கர இயக்கம் காரைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது.

காற்று

வெப்பநிலை ஏறத்தாழ 5.5 டிகிரி இறங்கினால் அழுத்தம் 1 பிஎஸ்ஐ குறையும். 18 டிகிரி உள்ள கராஜில் 33 அடித்துவிட்டு 0 டிகிரி சாலைக்கு வந்தால், ஓடிச் சூடாகும்வரை டயரில் இருப்பது சுமார் 30. அதனால் கராஜில் அடிப்பதானால் அந்த வித்தியாசத்தைக் கூட்டி அடியுங்கள். அல்லது கார் சில மணி நேரம் வெளியே நின்று ஆறிய பிறகு, ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கே அடியுங்கள். காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று சிலர் வேண்டுமென்றே குறைக்கிறார்கள். குளிரில் அது தவறு. ஸ்டீயரிங் மந்தமாகும், ஓரங்கள் தேயும், ஈரத்தில் டயர் தண்ணீர்மேல் மிதக்கும்.

முதல் 15 நிமிடம்

எஞ்சின் ஆயில் சூடானதை முள் காட்டும், டயர் சூடானதைக் காட்டாது. இரண்டும் வேறு. டயர் சூடாவது உருளும்போது வளைந்து நிமிர்வதால். நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிடுவதால் அதற்கு ஒரு பயனும் இல்லை. பந்தயக் கார்போல் இடமும் வலமும் நெளிப்பதும் சாலை வேகத்தில் வீண், ஆபத்தும்கூட. அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று மலிவாகக் கிடைக்கும். ஓட்டி நிறுத்தியதும் டயரின் நடுப்பகுதியில் பிடித்துப் பாருங்கள். 25 டிகிரியைத் தாண்டாத டயரைக் குளிர்ந்த டயராகவே நடத்துங்கள். கடைவாசலில் அரை மணி நேரம் நின்றால் சேர்த்த சூடு போய்விடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலை (கார் வழுக்கும்போது தானாகக் கட்டுப்படுத்தும் அமைப்பு) அணைக்காதீர்கள். மழை அல்லது வெட் மோட் இருந்தால் காய்ந்த சாலையிலும் அதையே வையுங்கள், ஆக்ஸிலரேட்டர் மென்மையாகும். உயர்ந்த கியரில், குறைந்த சுற்றில் ஓட்டுங்கள். டர்போ காரில் தனிக் கவனம் வேண்டும். நேர்ச்சாலையில் மூன்றாம் கியரில்கூட டர்போ விசை சட்டென்று வந்து இறங்கும்போது பின்சக்கரம் சுழன்றுவிடும். மேனுவல் காரில் கியரைக் குறைக்கும்போது எஞ்சின் சுற்றைச் சமப்படுத்தாமல் கிளட்சை விட்டால், பின்சக்கரங்கள் ஒரு கணம் இழுபட்டு வால் விலகும்.

முன்னால் போகும் காருக்கு 4 அல்லது 5 விநாடி இடைவெளி விடுங்கள். கிளம்பியதும், பின்னால் யாரும் இல்லாத நேர்த்தெருவில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒருமுறை அழுத்தமாக பிரேக் பிடித்துப் பாருங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் எவ்வளவு சீக்கிரம் துடிக்கிறது என்பதே அன்றைய பிடிப்பின் அளவு.

வளைவில்தான் 911-இன் குணம் தெரியும். எஞ்சின் பின்னால் இருப்பதால் முன்சக்கரங்கள்மேல் எடை குறைவு. அவை பின்சக்கரங்களைவிட மெதுவாகச் சூடாகும். முன்பக்கம் திரும்ப மறுத்து நேரே போகும். அப்போது ஸ்டீயரிங்கை இன்னும் திருப்புவது பயனற்றது. பதறி ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் எடை முன்னால் பாய்ந்து வால் சுழலும். காலை மெல்லத் தளர்த்தி, ஸ்டீயரிங்கையும் சிறிது தளர்த்துங்கள், முன்டயர் மறுபடி பிடிக்கும். இதற்கெல்லாம் இடமே வராதபடி வளைவுக்கு முன்னால், கார் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைப்பதுதான் சரி.

காலையில் கார்டினர் நெடுஞ்சாலையின் உயர்த்திக் கட்டிய பகுதியில் குறிப்பாகக் கவனம். பாலத்துக்குக் கீழேயும் காற்று ஓடுவதால் மற்றச் சாலைக்கு முன்பே அது உறையும். டான் வேலி பார்க்வேயில் வெயில் படாத இடங்களும் அப்படித்தான்.

பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது முன்சக்கரம் துள்ளிக் கடகடக்கும். ஏதோ உடைந்துவிட்டதென்று பயப்பட வேண்டாம். முழுத் திருப்பத்தில் இரண்டு சக்கரங்களின் கோணமும் சரியாகப் பொருந்தாது. இளகிய ரப்பர் அதைத் தாங்கிக்கொள்ளும், இறுகிய ரப்பர் பிடித்துப் பிடித்து விடும். ஒடிப்பைக் கொஞ்சம் குறைத்து மெதுவாகத் திருப்பினால் நிற்கும். இரவெல்லாம் நின்ற கார் முதல் சில கிலோமீட்டர் தடதடப்பதும் டயர் தரையில் அமுங்கித் தட்டையானதால்தான், சூடானால் சரியாகும்.

மைனஸ் 7

இந்த அளவுக்குக் கீழே இறங்கிய டயர் வளைந்தால் வெடிப்பு விடலாம். நெடுஞ்சாலைக்குப் போக வேண்டியதில்லை. வீட்டுவாசலிலிருந்து கராஜுக்கு உருட்டுவதே போதும். வெடிப்பு விட்ட டயரை ஒட்ட முடியாது, உத்தரவாதத்திலும் பொதுவாக வராது. வெளியே உறைந்து நின்ற கார் என்றால், டயர் 5 டிகிரிக்கு மேல் வரும்வரை தொடாதீர்கள். அதற்கு ஒரு முழு நாள்கூட ஆகலாம். தெரியாமல் நகர்த்திவிட்டால், டார்ச் அடித்து ரப்பர் கட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களின் அடியையும் ஓரங்களையும் சுற்றிலும் பாருங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும் அந்த டயரில் ஓட்ட வேண்டாம்.

டயரை மாற்றும்போது நான்கையும் மாற்றுங்கள். பின்னால் மட்டும் வின்டர் டயர் போட்டால் முன்பக்கம் திரும்பாது. முன்னால் மட்டும் போட்டால் வால் சுழலும். பக்கச்சுவரில் மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ உள்ள முத்திரை இருக்க வேண்டும். எம்+எஸ் (சேறும் பனியும்) என்ற எழுத்து மட்டும் போதாது. கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 முதல் அங்குள்ள காப்புறுதி நிறுவனங்கள் அதற்குத் தள்ளுபடி தந்தாக வேண்டும், கேட்டு வாங்குங்கள். சக்கர நட்டுகளைக் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்கி, 100 கிலோமீட்டருக்குள் மறுபடி சரிபாருங்கள்.

கழற்றிய சம்மர் டயர்களைக் கழுவி, காயவைத்து, பையில் கட்டி வீட்டின் அடித்தளத்தில் வையுங்கள். சூடேற்றாத கராஜும் கொட்டகையும் ஜனவரியில் மைனஸ் 7-ஐத் தாண்டிப் போகும். ஹீட்டர், மின்மோட்டார் பக்கத்தில் வைத்தால் ரப்பர் சீக்கிரம் கெடும். ஏப்ரலில் மறுபடி பூட்டும் முன் டயர் ஒரு நாள் வெதுவெதுப்பான இடத்தில் இருந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.