கராத்தே கிளாஸ்ல கை ஒடஞ்சா நஷ்ட ஈடு கேக்கறது எப்படி: சென்னைல இருக்கறவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், சண்டை கத்துக்கற இடத்துல அடி படறது சகஜம், ஸ்பாரிங்ல மூக்குல ஒரு குத்து விழுந்து ரத்தம் வந்துச்சுன்னு யாரும் காசு தரப்போறதில்ல. ஆபத்து தெரிஞ்சு சம்மதிச்சு இறங்கினவங்க அந்த ஆபத்துக்காக வழக்கு போட முடியாதுன்னு சட்டத்துலயே ஒரு கொள்கை இருக்கு. ஆனா அந்த சம்மதம் விளையாட்டுல இயல்பா வர்ற அடிக்கு மட்டும்தான், மாஸ்டரோட அலட்சியத்துக்கு நீங்க சம்மதிக்கல. அதனால அடி எவ்ளோ பெருசுங்கறது ரெண்டாவது கேள்வி, அந்த அடி ஏன் பட்டுச்சுங்கறதுதான் முதல் கேள்வி, கீழ சொல்ற எல்லா ஸ்டெப்பும் அதுக்கு பதில் சேக்கறதுக்குத்தான்.

கராத்தே, சிலம்பம், டேக்வாண்டோ, கிக்பாக்ஸிங், எம்எம்ஏ எல்லாத்துக்கும் இதே முறைதான். சென்னைல பாதி கிளாஸ் கார்ப்பரேஷன் கிரவுண்டுலயும் அபார்ட்மெண்ட் மொட்டை மாடிலயும் நடக்குது, போர்டு கூட இருக்காது, ஃபீஸ் ஜிபேல போகும், ரசீது கேட்டா "என்ன சார் நம்பிக்கை இல்லையா"ன்னு ஒரு சிரிப்பு. அங்க அடி பட்டாலும் கேக்கலாம்.

ஸ்டெப் 1: ஆஸ்பத்திரி, அதுவும் அன்னிக்கே

கை வீங்கினா நம்மூர்ல பாதி பேர் நேரா புத்தூர் கட்டுக்கு கிளம்பிடுவாங்க. அது நல்லதா கெட்டதான்னு நான் சண்டைக்கு வரல, ஆனா கிளெய்ம்னு வந்தா எக்ஸ்ரே ஃபிலிம், டாக்டர் எழுதின சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி இதெல்லாம்தான் பேசும். சென்ட்ரல் எதிர்ல இருக்கற ஜி.ஹெச்., ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டைன்னு எந்த கவர்மெண்ட் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கு போனாலும் ஆக்சிடெண்ட் ரெஜிஸ்டர்ல என்ட்ரி போட சொல்லுங்க, ஏ.ஆர். காப்பின்னு கேட்டா எல்லாருக்கும் புரியும். பிரைவேட்டுக்கு போனா கேஸ் ஷீட்டுலயும் டிஸ்சார்ஜ் சம்மரிலயும் எப்படி அடி பட்டுச்சுன்னு எழுதியிருக்கான்னு படிச்சு பாத்துட்டு வாங்க.

அந்த ஒரு வரி எவ்ளோ முக்கியம்னா, எங்க தெருவுல ஒரு பையனுக்கு மொட்டை மாடி கிளாஸ்ல த்ரோ பிராக்டீஸ் பண்ணும்போது மணிக்கட்டு ஒடஞ்சுது, சிமெண்ட் தரை மேல ரெண்டு யோகா மேட், அதுவும் நடுவுல விலகி கிடந்துச்சு. கேஷுவாலிட்டில டியூட்டி டாக்டர் கேட்டப்ப போலீஸ் வந்துருமோன்னு பயந்து அவங்க அம்மா "விளையாடும்போது கீழ விழுந்துட்டான்"னு சொல்லிட்டாங்க, அவரும் அப்படியே எழுதிட்டார். பின்னாடி நோட்டீஸ் அனுப்பினப்ப மாஸ்டர் தரப்புல அந்த வரியைத்தான் அடிக்கோடு போட்டு காட்டினாங்க, கடைசில ஆஸ்பத்திரி பில் மட்டும் வாங்கிட்டு பேசி முடிக்க வேண்டியதா போச்சு. அதனால "இன்ன கிளாஸ்ல, இன்ன நேரத்துல, இன்ன பயிற்சி பண்ணும்போது"ன்னு முழுசா சொல்லுங்க, சும்மா "விழுந்துட்டான்" வேணாம்.

தலைல அடி பட்டு வாந்தி, மயக்கம், ஒரே தூக்கம்னு இருந்தா இந்த பேப்பர் வேலையெல்லாம் அப்புறம், முதல்ல ஓடுங்க.

ஸ்டெப் 2: ஆதாரம் அழியறதுக்கு முன்னாடி சேருங்க

சிசிடிவி ஃபுட்டேஜ் ரொம்ப நாள் நிக்காது, மேல மேல பதிவாகி பழசு போயிடும், அதனால அபார்ட்மெண்ட் செக்ரட்டரிக்கோ ஜிம் ஓனருக்கோ "இந்த தேதி, இந்த நேர ஃபுட்டேஜ் அழிக்காம வைங்க"ன்னு உடனே வாட்ஸ்அப்லயும் மெயில்லயும் எழுத்துல கேளுங்க. தர மாட்டேன்னு சொன்னா கூட பரவால்ல, கேட்டது ரெக்கார்டுல இருக்கும், பின்னாடி ஏன் அழிச்சீங்கன்னு கேக்க வழி இருக்கு.

தரை, மேட், மேட்டுக்கு நடுவுல இருக்கற கேப், சுவரு எவ்ளோ பக்கத்துல இருக்குன்னு எல்லாத்தையும் ஃபோட்டோ எடுங்க. அடுத்த வாரமே புது மேட் வாங்கி போட்டுடுவாங்க, இது நிறைய இடத்துல நடக்கறதுதான். கிளாஸ் குரூப்ல மாஸ்டர் "சாரி சார் நான் கவனிக்கல"ன்னு ஏதாவது மெசேஜ் போட்டிருந்தா டெலீட் ஃபார் எவ்ரிஒன் அடிக்கறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ஷாட், அப்புறம் முழு சாட்டையும் எக்ஸ்போர்ட். ஃபோனை மாத்தாதீங்க, ஃபார்மட் பண்ணாதீங்க, ஏன்னா எலக்ட்ரானிக் ஆதாரத்துக்கு புது சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-வது பிரிவுல ஒரு சர்டிபிகேட் குடுக்கணும், முன்னாடி பழைய சாட்சியச் சட்டத்துல 65பி-ன்னு சொல்லிட்டு இருந்தாங்களே அதேதான்.

ஃபீஸ் கட்டின ஜிபே ஹிஸ்டரி, அட்மிஷன் ஃபாரம், பெல்ட் டெஸ்ட் சர்டிபிகேட், கிளாஸ் நோட்டீஸ், கூட இருந்த மத்த பேரன்ட்ஸ் பேர் நம்பர், எல்லாம் ஒரு ஃபைல்ல. காசு குடுத்து சேந்தீங்கங்கறதுக்கு ப்ரூஃப் ரொம்ப ரொம்ப முக்கியம், காரணம் ஸ்டெப் 6-ல வருது.

ஸ்டெப் 3: அலட்சியம் எதுன்னு ஒரு தாள்ல எழுதுங்க

இங்கதான் கொஞ்சம் உக்காந்து யோசிக்கணும். நான் வழக்கமா கேக்கச் சொல்ற கேள்விங்க இதெல்லாம்: யாரோட ஜோடி போட்டாங்க, எடை வயசு அனுபவம் மூணுலயும் பெரிய வித்தியாசம் இருந்துச்சா? சேந்து ஒரு மாசம் ஆன பிள்ளைய பிரவுன் பெல்ட்டோட ஃபுல் கான்டாக்ட் விட்டா அது பயிற்சி இல்ல. மாஸ்டர் அந்த நேரத்துல எங்க இருந்தார், கிளாஸை சீனியர் பையன்கிட்ட விட்டுட்டு வெளிய ஃபோன் பேசிட்டு இருந்தாரா? ஹெட் கார்டு, மவுத் கார்டு, ஷின் கார்டு போட சொன்னாங்களா, இல்ல "அதெல்லாம் போட்டா பயம் போகாது"ன்னு சொன்னாங்களா? கீழ விழறது எப்படின்னு சொல்லித்தராமலே த்ரோ பண்ண விட்டாங்களா? கழுத்தை இறுக்கற சோக் போட்டப்ப, போதும் விடுன்னு கையால தட்டியும் விடலையா? தலைல அடி பட்ட அப்புறமும் "எழுந்திரு, அடுத்த ரவுண்டு"ன்னாங்களா? ஃபர்ஸ்ட் எய்டு பாக்ஸ் இருந்துச்சா? சிலம்பத்துல கம்பு உடைஞ்சு சிராய் கண்ணுல பட்டா, அந்த கம்பு ஏற்கனவே கீறல் விட்டதா?

இதுல ஒண்ணு ரெண்டு கூட ஆமான்னு வரலன்னா, உண்மைய சொல்லணும்னா, கேஸ் வீக். நேரா இன்சூரன்ஸ் ஸ்டெப்புக்கு போயிடுங்க.

உங்க பக்கத்து தப்பையும் அதே தாள்ல எழுதுங்க. பழைய முட்டி ஜவ்வு கிழிஞ்சத மறைச்சு சேந்தீங்களா, மவுத் கார்டு போட சொல்லியும் போடலையா, இதெல்லாம் வந்தா தொகைய அதுக்கேத்த மாதிரி குறைப்பாங்க.

பிரம்பால விளாசறது, வெறும் சிமெண்ட் தரைல கை ரத்தம் வர்ற வரைக்கும் நக்கிள் புஷ்அப்ஸ் போட வைக்கறது எல்லாம் வேற கதை. குழந்தைய பொறுப்புல வச்சிருக்கறவங்க கொடுமைப்படுத்தினா இளைஞர் நீதிச் சட்டம் 2015-ல 75-வது பிரிவு இருக்கு, குழந்தைகள் உதவி எண் 1098-க்கு கூப்பிடலாம். அதை ஒழுக்கம்னு சொல்றவங்களோட எனக்கு பேச்சே இல்ல.

ஸ்டெப் 4: இன்சூரன்ஸ் இருக்கான்னு பாருங்க

யாரோடயும் சண்டை போடாம வர்ற காசு இது. மெடிக்ளெய்ம்ல "ஆபத்தான விளையாட்டுக்கு கவர் இல்ல"ன்னு ஒரு விதிவிலக்கு இருக்கும், அதை பாத்ததும் நிறைய பேர் விட்டுடறாங்க. ஆனா இன்சூரன்ஸ் கம்பெனிங்களை கட்டுப்படுத்தற ஐஆர்டிஏஐ வகுத்த அந்த பொது வாசகத்துல தொழில்முறையா விளையாடறவங்களுக்குன்னுதான் இருக்கு, சாயந்திரம் கிளாஸ் போற ஐடி ஊழியர் தொழில்முறை வீரர் இல்லையே. பாலிசி எடுத்து முதல் 30 நாள் வெயிட்டிங் பீரியடும் விபத்துக்கு கிடையாது. பர்சனல் ஆக்சிடெண்ட் பாலிசில மட்டும் விதி வேற மாதிரி இருக்கலாம், அதை தனியா படிங்க.

பேங்க்ல வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கறாங்களே அந்த பிரதமர் சுரக்ஷா பீமா, அது எலும்பு முறிவுக்கெல்லாம் தராது, ஆனா ஒரு கண் பார்வை நிரந்தரமா போனாலோ ஒரு கையோ காலோ செயலிழந்தாலோ 1 லட்சம். கிளாஸோ சங்கமோ மாணவர்களுக்கு குரூப் பாலிசி எடுத்திருக்கான்னும் கேளுங்க, போட்டி நடத்தறவங்க எடுத்திருக்கலாம்.

கிளெய்மை நிராகரிச்சா முதல்ல கம்பெனியோட குறைதீர் பிரிவுக்கு எழுதுங்க, ஒரு மாசத்துல பதில் வரலன்னாலோ திருப்தி இல்லன்னாலோ இன்சூரன்ஸ் புகாரை விசாரிக்கற அதிகாரியான இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மன்கிட்ட போங்க. சென்னை ஆபீஸ் தேனாம்பேட்டைல அண்ணா சாலைலயே இருக்கு, கட்டணம் கிடையாது, வக்கீல் வேணாம், கம்பெனி பதில் சொல்லி ஒரு வருஷத்துக்குள்ள போகணும்.

ஸ்டெப் 5: நோட்டீஸ்

மாஸ்டர்கிட்ட நேர்ல பேசுங்க, தப்பில்ல, நிறைய பேர் மனசு வந்து பில்லை கட்டிடறாங்க. பேசினத அன்னிக்கே "சார் இன்னிக்கு நாம பேசினபடி"ன்னு ஆரம்பிச்சு ஒரு மெசேஜா போட்டுடுங்க. படியலன்னா எழுத்துல நோட்டீஸ்: என்ன நடந்துச்சு, என்ன அலட்சியம், என்ன செலவு, எவ்ளோ கேக்கறீங்க, 15 நாள் டைம். ரெஜிஸ்டர்ட் போஸ்ட் 2025-ல ஸ்பீட் போஸ்ட்டோட சேந்துடுச்சு, அதனால ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி டெலிவரி ஆனதுக்கு ப்ரூஃப் எடுத்து வைங்க. கிளாஸ் நடத்தறவர், இடத்து ஓனர், கிளாஸ் எந்த பேர்ல நடக்குதோ அந்த அகாடமி, மூணு பேருக்கும் போகட்டும்.

"நீங்கதான் ஃபாரம்ல கையெழுத்து போட்டீங்களே, எல்லாம் உங்க ரிஸ்க்னு"ன்னு கண்டிப்பா பதில் வரும். பயப்படாதீங்க. அந்த ஃபாரம் இயல்பான ஆபத்தை நீங்க தெரிஞ்சுதான் சேந்தீங்கங்கறதுக்கு சாட்சி, அவங்க அலட்சியத்துக்கு கேடயம் இல்லன்னு வாதாடலாம்.

ஸ்டெப் 6: எங்க போடறது

காசு வாங்கிட்டு நடத்தற பிரைவேட் கிளாஸ்னா கன்ஸ்யூமர் கோர்ட், சட்டத்துல அதுக்கு பேரு நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல சேவைக் குறைபாடுன்னா அதுல அலட்சியமும் அடக்கம். இலவசமா நடத்தின சேவை இதுல வராது, ஃபீஸ் ப்ரூஃப் முக்கியம்னு சொன்னது இதுக்குத்தான். நல்ல விஷயம் என்னன்னா மாவட்ட ஆணையமா மாநிலமான்னு முடிவு பண்றது நீங்க கேக்கற தொகைய வச்சு இல்ல, நீங்க கட்டின ஃபீஸை வச்சு. 50 லட்சம் வரைக்கும் மாவட்டம்தான், 5 லட்சத்துக்குள்ள கட்டியிருந்தா கோர்ட் கட்டணம் பூஜ்யம். எந்த கராத்தே கிளாஸுக்கு 5 லட்சம் கட்டறோம்! சென்னைக்கு வடக்கு, தெற்குன்னு ரெண்டு ஆணையம், நீங்க குடியிருக்கற அல்லது வேலை பாக்கற இடத்தை வச்சே போடலாம். குழந்தைக்காக அப்பா அம்மா போடலாம். சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள்ள. இ-ஜாக்ரிதி போர்ட்டல்ல ஆன்லைன்லயே தாக்கல் பண்ணலாம், நீங்களே வாதாடலாம், சந்தேகம்னா நுகர்வோர் உதவி எண் 1915-க்கு கூப்பிடுங்க.

ஸ்கூல்ல நடக்கற கராத்தே பீரியட்னா இந்த ரூட்ல சிக்கல். 2020-ல தேசிய நுகர்வோர் ஆணையம், கல்வி நிறுவனம் நடத்தற நீச்சல், விளையாட்டு மாதிரி கூடுதல் நடவடிக்கைகள் கூட நுகர்வோர் சட்டத்துல வராது, கோச்சிங் சென்டர் மட்டும் வரும்னு தீர்ப்பு சொல்லிடுச்சு, இந்த கேள்வி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனது. அதனால ஸ்கூல் கேஸுக்கு சிவில் கோர்ட்டுல நஷ்ட ஈட்டு வழக்குதான் பத்திரம், அதுக்கு பொதுவா 3 வருஷம் டைம், ஆனா கோர்ட் கட்டணமும் வக்கீலும் வேணும். பெண்களுக்கும் 18 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கும் வருமானம் எவ்ளோ இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்கு கூப்பிடுங்க.

போலீஸ் ரூட் தனி. அலட்சியத்தால எலும்பு முறிஞ்சா அது கொடுங்காயம், ஐபிசிக்கு பதிலா வந்த பிஎன்எஸ் சட்டத்துல 125-வது பிரிவுல வரும். கேஸ் குடுத்தா காசு வந்துடும்னு நினைக்காதீங்க, ஆனா எஃப்ஐஆர் ஒரு நல்ல ஆவணம். சும்மா மிரட்டறதுக்காக மட்டும் போறது எனக்கு பிடிக்காது, சமாதானம் ஆகற இடத்துலயும் ஈகோ வந்து உக்காந்துடும்.

ஸ்டெப் 7: எவ்ளோ கேக்கறது

பில் இருக்கறது: ஆஸ்பத்திரி, ஸ்கேன், மருந்து, பிசியோ, ஆட்டோ. பில் இல்லாதது: லீவு போட்டதால போன சம்பளம், பாத்துக்க வீட்ல ஒருத்தர் வேலைக்கு போகாம இருந்தது, எலும்புல வச்ச பிளேட்டை எடுக்க பின்னாடி வரப்போற ஆபரேஷன், வலி, எக்ஸாம் போனது. சம்பளத்துக்கு ஆபீஸ்ல லெட்டர் வாங்குங்க, பின்னாடி செலவுக்கு டாக்டர்கிட்ட எஸ்டிமேட். நிரந்தர குறைபாடு இருந்தா கவர்மெண்ட் ஆஸ்பத்திரி மெடிக்கல் போர்டு தர்ற சதவீத சர்டிபிகேட் இல்லாம அந்த தலைப்புல ஒண்ணும் பெருசா கிடைக்காது. மெடிக்ளெய்ம்ல வந்தது போக கைக்காசு எவ்ளோன்னு தனியா காட்டுங்க. சும்மா வாய்க்கு வந்த 50 லட்சம்னு போட்டா மத்த உண்மையான கணக்கு மேலயும் நம்பிக்கை போயிடும்.

ஸ்டெப் 8: போட்ட அப்புறம்

எதிர்தரப்பு பதில் போட 30 நாள், மிஞ்சி மிஞ்சி போனா இன்னும் 15, அதுக்கு மேல கிடையாது. சட்டத்துல 3 மாசத்துல முடிக்கணும்னு இருக்கு, நிஜத்துல இழுக்கும், வாய்தா வாய்தாவா போகும், ஒரு வாய்தா கூட விடாதீங்க, நீங்க வரலன்னா தள்ளுபடி ஆகலாம். நடுவுல மீடியேஷனுக்கு அனுப்புவாங்க, நான் போங்கன்னுதான் சொல்வேன், மாஸ்டர் கையில லட்சக்கணக்கா இருக்காது, தவணைல தர ஒத்துக்கிட்டா ஆணையத்துலயே எழுத்துல பதிவாகும்.

ஆர்டர் வந்தா அவங்க 45 நாள்ல மாநில ஆணையத்துக்கு அப்பீல் போகலாம், ஆனா தீர்ப்புத் தொகைல பாதிய முதல்ல கட்டியாகணும். அப்பீலும் போகாம காசும் தராம இழுத்தடிச்சா அதே நுகர்வோர் சட்டத்தோட 72-வது பிரிவுல மனு போடுங்க, 1 மாசத்துல இருந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா குறைஞ்சது 25,000 ரூபாய் அபராதம், இல்ல ரெண்டுமே. மனு நம்பர் விழுந்த உடனேயே நிறைய பேர் செக்கோட வந்துடறாங்க, செக் பாஸ் ஆகற வரைக்கும் "எல்லாம் பெற்றுக்கொண்டேன்"னு மட்டும் கையெழுத்து போட்டுடாதீங்க.