விபிஎன் மேல் விபிஎன்: வீட்டிலேயே இரண்டு அடுக்கு அமைப்பது எப்படி

விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தை மறையாக்கி (பிறர் படிக்க முடியாதபடி பூட்டி) ஒரு நிறுவனத்தின் சர்வர் வழியே அனுப்பும் சேவை; இரண்டடுக்கு என்றால் ஒரு விபிஎன்னுக்குள் இன்னொன்று. திருப்பூரில் ஒரு பனியன் உருவாகும் வழியை அறிந்தவர்களுக்கு இரண்டடுக்கு விபிஎன்னை விளக்குவது எளிது. சாயப்பட்டறைக்காரருக்குத் துணி எந்தக் கம்பெனியிலிருந்து வந்தது என்பது டெலிவரி சலானைப் பார்த்தாலே தெரியும். தைத்து முடித்தபின் அது எந்த நாட்டுக் கடையில் தொங்கும் என்பது தெரியாது. தூத்துக்குடியில் பெட்டியைக் கப்பலேற்றுபவருக்குப் போய்ச் சேரும் ஊர் தெரியும். துணி எந்தப் பட்டறையில் நனைந்தது என்பது தெரியாது. விபிஎன்களை அடுக்குவதன் பயனும் இதுவே: நீங்கள் யார் என்பதை அறிந்தவருக்கு நீங்கள் போகுமிடம் தெரியாது, போகுமிடத்தை அறிந்தவருக்கு நீங்கள் யார் என்பது தெரியாது. மறையாக்கம் இரட்டிப்பாவதால் பாதுகாப்பும் இரட்டிப்பாகும் என்ற பேச்சை நான் பொருட்படுத்துவதில்லை. முதல் பூட்டையே உடைக்க ஆளில்லாதபோது இரண்டாவது பூட்டால் கூடுவது ஒன்றுமில்லை.

ஒரே ஒரு விபிஎன் இருந்தால், நீங்கள் பார்க்கும் தளங்கள் இணையச் சேவை நிறுவனத்தின் கண்ணிலிருந்து மறைந்து, அந்த விவரம் முழுவதும் விபிஎன் நிறுவனத்தின் கைக்கு மாறுகிறது. அதைப் பிரிக்க வேண்டுமானால் இரண்டு அடுக்கும் வெவ்வேறு நிறுவனங்களுடையதாக இருக்க வேண்டும். புரோட்டானின் செக்யூர் கோர், நார்டின் டபுள் விபிஎன், முல்வாடின் மல்டிஹாப் ஆகியவை ஒரே நிறுவனத்தின் இரண்டு சர்வர்கள் வழியாக அனுப்புபவை. வெளியேறும் சர்வரை எவரேனும் கண்காணித்தால் அவை உதவும். நிறுவனத்திடமிருந்தே மறைய அவை உதவா. வெறுமனே சில தளங்களைப் படிப்பதுதான் தேவையென்றால் டார் பிரவுசரே போதும். அது மூன்று கணினிகள் வழியே இந்தப் பிரிவினையைக் காசின்றிச் செய்து தருகிறது. எல்லா மென்பொருள்களின் போக்குவரத்தும் நாள் முழுவதும் இப்படிச் செல்ல வேண்டும் என்பவர்களுக்கே கீழ்க்கண்ட அமைப்பு.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். விபிஎன் பயன்படுத்துவதை நாடு முழுவதற்குமாகக் குற்றமாக்கும் சட்டம் இல்லை. ஆனால் 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட ஆணை, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி முகவரி (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) ஆகியவற்றை 5 ஆண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும் என்கிறது. அது அவ்வாண்டு செப்டம்பர் 25 முதல் அவற்றுக்கு நடைமுறைக்கு வந்தது. பல வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கிருந்த சர்வர்களை அகற்றிக்கொண்டன. நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

ஒரே விண்டோஸ் கணினியில் இரண்டு விபிஎன் செயலிகளை நிறுவி ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பதுதான் பலரும் முதலில் செய்யும் தவறு. எல்லாப் போக்குவரத்தும் தன் வழியே போக வேண்டும் என்று இரண்டுமே உரிமை கொண்டாடுவதால், இரண்டாவது டனல் (விபிஎன்னின் பூட்டிய பாதை) முதலாவதற்குள் நுழையாமல் அதைச் சுற்றிக்கொண்டு வெளியேறிவிடக்கூடும்; திரையில் இரண்டும் பச்சையாகவே தெரியும். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளில் ஒரு மெய்நிகர் கணினியை (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினியை) அமைத்து அதற்குள் இரண்டாவது விபிஎன்னை ஓட்டுவது சரியாக வேலை செய்யும், ஆனால் அதன் நெட்வொர்க்கை நாட் (தாய்க் கணினியின் இணைப்பு வழியே செல்லும்) முறையில் வைக்க வேண்டும். பிரிட்ஜ் முறையில் வைத்தால் அது முதல் விபிஎன்னைத் தொடாமல் நேரே ரூட்டருக்குப் போய்விடும்.

நான் பரிந்துரைப்பது, வெளி அடுக்கை (முதல் விபிஎன்னை) ரூட்டரிலும் உள் அடுக்கை (இரண்டாவதை) லேப்டாப்பிலும் வைப்பது. ஃபைபர் இணைப்போடு வந்த மோடத்தை அப்படியே விட்டுவிட்டு, ஓப்பன்டபிள்யூஆர்டி (ரூட்டர்களுக்கான இலவச இயக்க மென்பொருள்) ஓடக்கூடிய இன்னொரு ரூட்டரை வாங்கி, மோடத்தின் லேன் (வீட்டுப் பக்க) துளையிலிருந்து புதிய ரூட்டரின் வான் (இணையப் பக்க) துளைக்குக் கேபிள் போடுங்கள். இரண்டுமே 192.168.1.1 என்ற முகவரியோடு வந்திருந்தால் மோதிக்கொள்ளும், புதியதை 192.168.10.1 என்று மாற்றிவிடுங்கள். முதல் நிறுவனத்தின் தளத்திலிருந்து வயர்கார்டு (விபிஎன் முறைகளில் ஒன்று) கட்டமைப்புக் கோப்பை இறக்கி ரூட்டரில் ஏற்றியபின், ஃபயர்வாலில் (எது போகலாம், எது கூடாது என்று தீர்மானிக்கும் பகுதியில்) லேனிலிருந்து வானுக்கு நேரே செல்லும் அனுமதியை நீக்கி, லேனிலிருந்து வயர்கார்டுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். டனல் அறுந்தால் இணையமும் நிற்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். அந்த நிறுவனம் ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி; பழையது ஐபிவி4) தராவிட்டால் லேன் பக்கம் ஐபிவி6ஐ அணைத்துவிடுங்கள். இனி லேப்டாப்பில் இரண்டாவது நிறுவனத்தின் செயலியை நிறுவி இணைத்தால் அடுக்கு முடிந்தது. உள் அடுக்குக்கு ஓப்பன்விபிஎன் என்ற இன்னொரு விபிஎன் முறையைப் பயன்படுத்துவோர் யுடிபியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இன்னொரு தேர்வான டிசிபி, தொலைந்த பொட்டலத்தை (தரவின் சிறு துண்டை) மறுபடி அனுப்பும்; யுடிபி தானாக அனுப்பாது. டிசிபிக்குள் டிசிபி ஓடினால், ஒரு பொட்டலம் தொலைந்தவுடன் இரண்டுமே மறுபடி அனுப்பத் தொடங்கி வேகம் படுத்துவிடும்.

பல்லடம் சாலையில் ஓர் அலுவலகத்துக்கு இதை அமைத்துக் கொடுத்தபோது நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். மெசேஜ் போயிற்று, மெயிலின் எழுத்துகள் வந்தன. டிசைன் கோப்பைத் திறந்தால் மட்டும் பாதியில் நின்றது. இரண்டு நாள் இணையச் சேவைக்காரரைத் திட்டினேன். தவறு என்னுடையது: எம்டியு அளவை (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவை) நான் மாற்றவில்லை; சிறிய பொட்டலங்கள் போயின, பெரியவை சிக்கிக்கொண்டன. ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் 1,500 பைட்டு வரை இருக்கலாம். வயர்கார்டின் உறை ஐபிவி4 வழியில் 60, ஐபிவி6 வழியில் 80 பைட்டு எடுத்துக்கொள்ளும். ஆகவே பெரியதான 80ஐக் கழித்து அதன் இயல்பு அளவு 1,420. அதற்குள் இன்னொரு வயர்கார்டு என்றால் மேலும் 80 போய் 1,340. பிபிபிஓஈ (பயனர் பெயர், கடவுச்சொல் கேட்கும் முறை) வழியாக லாகின் ஆகும் இணைப்பில் 8 பைட்டு முன்பே போய்விடுவதால், வெளி அடுக்கில் 1,412, உள் அடுக்கில் 1,332. கணக்குப் பார்க்கச் சலிப்பாக இருந்தால் உள் அடுக்கில் 1,280 என்று எழுதிவிடுங்கள். வேகத்தில் பெரிய இழப்பு இராது.

அமைத்தபின் சோதியுங்கள். இரண்டும் ஓடும்போது ஐபி காட்டும் தளத்தில் இரண்டாவது நிறுவனத்தின் முகவரி வர வேண்டும். லேப்டாப் செயலியை அணைத்தால் முதல் நிறுவனத்தின் முகவரி வர வேண்டும். ரூட்டரின் டனலை அணைத்தால் எதுவுமே வரக்கூடாது. இந்த மூன்றாவது சோதனையைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) கசிவுச் சோதனையில் உங்கள் இணையச் சேவை நிறுவனத்தின் பெயர் தென்பட்டால் வேலை முடியவில்லை என்று பொருள்.

சர்வர் இருக்கும் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது வரைபடத்தைப் பாருங்கள். ஒளியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். கோவையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 3,100 கிலோமீட்டர். அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம் ஏறத்தாழ 10,500. போய் வர 27,200 கிலோமீட்டர் என்றால், வேறெந்தத் தாமதமும் இல்லாவிட்டாலும் 136 மில்லிநொடி ஆகும். இரண்டையும் ஒரே திசையில், வழியிலேயே அமையும்படி எடுத்தால் வீண் சுற்றலைத் தவிர்க்கலாம்.

வழக்கமான ஜிமெயிலில் லாகின் செய்துகொண்டே இந்த அடுக்கைப் பயன்படுத்தினால், கூகுளுக்கு நீங்கள் யார் என்பது வழக்கம்போலவே தெரியும். வங்கி வேலையை அடுக்குக்கு வெளியே, மோடத்தின் வைஃபையில் செய்யுங்கள். வெளிநாட்டு முகவரியிலிருந்து லாகின் வந்தால் வங்கி ஐயப்பட்டுக் கணக்கை நிறுத்தி வைக்கக்கூடும். ஆண்ட்ராய்டு ஒரு நேரத்தில் ஒரே விபிஎன்னைத்தான் அனுமதிக்கும். ஆகவே வீட்டு ரூட்டரின் வைஃபையில் போனுக்கு இரண்டு அடுக்கு, மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் ஒன்றே.

கடைசியாக, மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. பல ரூட்டர்களில் கடிகாரத்துக்குப் பேட்டரி கிடையாது. மின்சாரம் போய் வந்ததும் அவை பழைய நேரத்தோடு விழித்தெழும். வயர்கார்டு ஒவ்வொரு ஹேண்ட்ஷேக்கிலும் (இணைப்பைத் தொடங்கும் செய்தியிலும்) நேர முத்திரை வைக்கிறது. முந்தையதைவிடப் பின்தங்கிய முத்திரை வந்தால் சர்வர் அதைப் பழைய செய்தியின் நகலாகக் கருதித் தள்ளிவிடும். நேரத்தைச் சரிசெய்ய இணையம் வேண்டும், இணையத்துக்கு டனல் வேண்டும், டனல் எழச் சரியான நேரம் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க, நேரம் தரும் சர்வர் ஒன்றின் ஐபி முகவரியையே ரூட்டரின் என்டிபி (நேரத்தைச் சரிசெய்யும்) அமைப்பில் எழுதி, அந்த ஒரு முகவரிக்கு மட்டும் டனலைத் தவிர்த்து வான் வழியே செல்லும்படி ஸ்டாட்டிக் ரூட் (நிலையான வழி) போடுங்கள். பெயராக எழுதினால் அதைத் தேடவும் டனல் வேண்டியிருக்கும்.