புதிய நாட்டில் பாலியல் நலப் பரிசோதனை: வந்தவுடன் தெரிந்துகொள்ள வேண்டியவை

புதிய நாட்டுக்கு வந்ததும் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்துகொள்கிறோம், பல் மருத்துவரையும் விசாரித்து வைக்கிறோம். பாலியல் நலப் பரிசோதனை எங்கே செய்கிறார்கள் என்பதை மட்டும் "நமக்கெதற்கு" என்று கேட்காமலே விட்டுவிடுகிறோம். ஏதேனும் தெரிந்தால் போய்க்கொள்ளலாம் என்ற எண்ணம்தான் இதில் ஆபத்து, ஏனெனில் உடலுறவு வழியாகப் பரவும் தொற்றுகளில் பெரும்பாலானவை அறிகுறி எதையும் காட்டுவதில்லை. கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ், டிரைக்கோமோனியாசிஸ் ஆகிய நான்கும் மருந்தால் குணமாகக்கூடியவை. அப்படியிருந்தும் 2020ஆம் ஆண்டில் 15 முதல் 49 வயது வரையிலானோரிடையே இவற்றால் 37.4 கோடி புதிய தொற்றுகள் ஏற்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அறிகுறியே இல்லாத கிளமிடியா கருக்குழாயைச் சிதைத்திருப்பது, பல ஆண்டுகள் கழித்துக் குழந்தையின்மைக்காகப் பரிசோதிக்கும்போதுதான் சிலருக்குத் தெரியவருகிறது.

பரிசோதனை பலர் அஞ்சுவதுபோல் கடினமானதன்று. ஆண்களிடம் பெரும்பாலும் சிறுநீரே கேட்பார்கள். சாதாரணச் சிறுநீர்த் தொற்றுக்கு முதலில் வருவதை விட்டுவிட்டு நடுப்பகுதியைப் பிடிக்கச் சொல்வார்கள். இங்கோ முதலில் வருவதுதான் வேண்டும், அதற்கு முந்தைய ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருக்க வேண்டும். பெண்கள் பஞ்சு சுற்றிய குச்சியால் தாங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டுக்கும் இரத்தம் தேவை. தொற்றிய மறுநாளே இவை தெரிந்துவிடாது: ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறை எச்.ஐ.வி. சோதனையின் (வைரஸின் புரதத்தையும் அதை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்தே தேடுவது) முடிவை உறுதியாக ஏற்க 45 நாள்கள் கடந்திருக்க வேண்டும். சிபிலிஸுக்கு 12 வாரங்கள் வரை ஆகலாம்.

ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரைப் பையில் ஆன்டிபயாட்டிக் இருக்கிறதே என்று தாமாக விழுங்குவோர் உண்டு. இதைக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, செய்யாதீர்கள். கொனோரியாக் கிருமி சல்ஃபா மருந்துகள், பெனிசிலின், டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் என ஒவ்வொன்றையும் எதிர்க்கப் பழகிவிட்டதால், இன்று பெரும்பாலும் செஃப்ட்ரியாக்சோன் ஊசியையே நம்ப வேண்டியிருக்கிறது. மாறாக, தொடக்கநிலை சிபிலிஸை நீண்டநேரம் உடலில் தங்கும் பென்சத்தீன் பெனிசிலின் ஊசி ஒன்றே இன்றும் குணமாக்கிவிடுகிறது. எதற்கு எது என்பதைச் சோதனை முடிவுதான் சொல்ல முடியும்.

எச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால் விடியட்டும், திங்கட்கிழமை வரட்டும் என்று காத்திருக்கலாகாது. 28 நாள்கள் உட்கொள்ளும் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், இயன்றவரை முதல் நாளிலேயே தொடங்க வேண்டும் என்பதால், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். ஏற்கெனவே எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள் கையிருப்பு மாத்திரை தீரும்முன் புதிய மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். தொடர்ந்து மருந்து உட்கொண்டு, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து உடலுறவு வழியாக அது துணைவருக்குப் பரவுவதில்லை என்பதை 2016இலும் 2019இலும் வெளியான 'பார்ட்னர்' ஆய்வுகள் உறுதிப்படுத்தின. துணைவருக்குத் தொற்று இருந்தால், தொற்றில்லாதவர் முன்கூட்டியே உட்கொள்ளும் 'பிரெப்' மாத்திரை பற்றியும் கேட்கலாம்.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்.பி.வி. ஆகிய இரண்டு வைரஸ்களுக்கும் தடுப்பூசி உண்டு. பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைப் பள்ளிச் சேர்க்கையின்போதே காட்டி, விடுபட்டதைக் கேளுங்கள்.

மொழி தடையாக இருந்தால் உறவினரையோ, வீட்டுப் பிள்ளையையோ மொழிபெயர்க்க அழைத்துச் செல்லாமல், மருத்துவமனையிடமே மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். கணவரோ மனைவியோ உடனிருக்கும்போது வாய் திறந்து சொல்ல முடியாதவை இருக்கக்கூடும் என்பதால், மருத்துவரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று கோருவதும் முறையானதே. தொற்று உறுதியானால் துணைவருக்கும் சிகிச்சை தேவை. ஒருவர் மட்டும் மருந்தெடுத்தால் அது மீண்டும் அவரிடமே வந்து சேரும். கிளமிடியாவுக்கோ கொனோரியாவுக்கோ சிகிச்சை பெற்றவர்கள் ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து மறுபடியும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதால், முதல் முடிவைப் பெறும்போதே அடுத்த தேதியையும் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.