வெட்டினால் போகாத உண்ணிச்செடி

காட்டைப் பராமரிக்கும் எங்கள் சிறிய தொண்டு அமைப்பின் பொறுப்புக்கு நான் வந்தபோது எங்களுக்கிருந்த ஒரே பெருமை, ‘இத்தனை ஏக்கர் உண்ணிச்செடி அகற்றினோம்’ என்ற கணக்கு. உண்ணி என்பது காட்டை அடைத்துப் பரவும் அயல்நாட்டுப் புதர், லன்டானா. மழை முடிந்து போய்ப் பார்த்தால் வெட்டிய ஒவ்வொரு அடிக்கட்டையிலும் ஏழெட்டுத் துளிர். முன்பைவிட அடர்த்தி!

கோளாறு அரிவாளில்தான். தண்டை வெட்டினால் உண்ணி சாகாது. தண்டும் வேரும் சேரும் இடத்திலிருந்து மறுபடி தழைக்கும். அப்புறம் குந்தாலிக்கு மாறினோம். ஆணிவேரை மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். தண்டு மண்ணில் பட்டால் வேர்விட்டுவிடும், அதனால்தான் தலைகீழ். பறவைகள் வந்து உட்காரும் மரங்களுக்கு அடியில், எச்சத்தோடு விழுந்த விதைகள் முளைத்துக்கொண்டே இருக்கும். அந்த நாற்றுகளைக் கையால் பிடுங்கத் தனியாக ஒரு குழு வைத்தோம். காலியான இடத்தில் அந்த மண்ணுக்குரிய புல்லை விதைத்தோம்.

வேகம் பாதியாகக் குறைந்தது. தன்னார்வலர்களிடம் முணுமுணுப்பு வேறு. ஆண்டறிக்கையில் ஏக்கர் கணக்கை எடுத்துவிட்டு, ‘வெட்டியதில் எத்தனை மறுபடி துளிர்த்தது’ என்று போட்டேன். எழுதும்போது கை கூசியது. சரி, உண்மைதானே. நன்கொடையாளர் ஒருவர் மட்டும் விலகிக்கொண்டார். இன்னொருவர் அடுத்த மழைக்குப் பிறகு நேரில் வந்து துளிர்களை எண்ணிப் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.