ஒஸ்லோவில் ஓர் அலுவலக அறை எடுக்க

மேசை, கதிரை, இணையம், சந்திப்பு அறை எல்லாம் சேர்த்து வாடகைக்குத் தரும் இடத்தை நோர்வேயில் 'கொன்டூர்ஹோட்டெல்' என்பார்கள். என் மொழிபெயர்ப்பு வேலைக்கு அப்படி ஓர் அறை வைத்திருக்கிறேன்.

முதலில் விலையைப் பாருங்கள். பெரும்பாலும் அது 'மொம்ஸ்' எனும் மதிப்புக்கூட்டு வரி சேர்க்காத விலை. வரி 25 சதவீதம். 12 மாதத்தில் உங்கள் விற்பனை 50,000 குரோனரைத் தாண்டி, மொம்ஸுக்குப் பதிவு செய்தால்தான் அந்த வரியைக் கழிக்கலாம். புதிதாகத் தொடங்குபவர்கள் கால்வாசி கூட்டியே கணக்குப் போடுங்கள்.

அப்புறம் அறிவித்தல் காலம், அதாவது அறையை விடுவதென்றால் எவ்வளவு முன்பே சொல்ல வேண்டும் என்பது. இதை மட்டும் இரண்டு தரம் வாசியுங்கள். 'ஒரு மாதம்' என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் அடுத்த மாதம் முதலாம் தேதியிலிருந்துதான் எண்ணுவார்கள். என் முதல் இடத்தில் மார்ச் 2ஆம் தேதி கடிதம் கொடுத்தேன். ஏப்ரல் முடியும்வரை வாடகை கட்டினேன். இரண்டு நாள் முந்தியிருந்தால் ஒரு மாத வாடகை மிஞ்சியிருக்கும்.

அறையைப் பார்க்க டிசம்பரில், பின்னேரம் நாலு மணிக்குப் போங்கள். அப்போது வெளியே இருட்டிவிடும். விளக்கு போதுமா, சனி ஞாயிறு சூடேற்றி ஓடுமா, பனிச் சப்பாத்து கழற்றி வைக்க வாசலில் இடமுண்டா, எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.