ஃபிளிப்பர் சீரோ வாங்கும் முன் கைத்தொலைபேசியைச் சோதிக்கும் முறை

ரிமோட், அட்டை போன்றவற்றின் சமிக்ஞைகளை வாசித்துத் திருப்பி அனுப்பும் கையடக்கக் கருவியான ஃபிளிப்பர் சீரோவை வெளிநாட்டு உறவினரிடம் சொல்லி யாழ்ப்பாணத்துக்கு வருவிக்கும் முன்னர், அதன் வேலைகளில் எவற்றைக் கைத்தொலைபேசியே செய்துவிடும் என்பதை வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே அறிந்துகொள்ளலாம்.

முதலில் ரிமோட்டுகளை வகைப்படுத்துங்கள். தொலைபேசியின் முன்பக்கக் கமராவைத் திறந்து, ரிமோட்டின் நுனியை அதற்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்தும்போது திரையில் ஊதா கலந்த வெள்ளைப் புள்ளியொன்று மினுங்கினால், அது அகச்சிவப்பு ரிமோட். பின்பக்கக் கமராவில் இவ்வொளியைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருப்பதுண்டு என்பதால் முன்பக்கமே ஏற்றது. பற்றரி நல்ல நிலையில் இருந்தும் எதுவும் மினுங்காவிட்டால், அது பெரும்பாலும் ரேடியோ ரிமோட்.

ஷாவோமி தொலைபேசிகள் பலவற்றின் மேல்விளிம்பில் அகச்சிவப்பு உமிழி உண்டு. தொலைக்காட்சிக்கும் குளிரூட்டிக்கும் அது தாராளமாகப் போதும். ஆனால், அன்ரொயிட் அகச்சிவப்பை அனுப்புவதற்கு மட்டுமே செயலிகளுக்கு வழி தருகிறது. ஆகவே செயலியின் பட்டியலில் இல்லாத மின்விசிறி ரிமோட்டைத் தொலைபேசிக்குக் கற்பிக்க முடியாது. ஃபிளிப்பரில் அகச்சிவப்பைப் பெறும் பகுதியும் இருப்பதால் அது கற்றுக்கொள்ளும். அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு: குளிரூட்டி ரிமோட்டுகள் பொதுவாக ஒவ்வொரு அழுத்தத்திலும் வெப்பநிலை, விசிறி வேகம் எல்லாவற்றையும் ஒருமிக்க அனுப்புவதால், வெப்பநிலையைக் கூட்டும் பொத்தானைப் பதிந்து வைத்தால் அது கூட்டாது, பதியும்போது திரையில் 24 பாகை இருந்திருந்தால், எத்தனை முறை அழுத்தினாலும் 24 பாகைதான்.

அடுத்து, கதவு திறப்பது போன்றவற்றுக்குத் தொட்டுக் காட்டும் அட்டைகள். தொலைபேசியில் அட்டைகளை அருகில் வைத்து வாசிக்கும் வசதியான என்எஃப்சியை இயக்கி, அட்டையைத் தொலைபேசியின் முதுகில் மெதுவாக நகர்த்துங்கள். அதிர்வோ ஒலியோ வந்தால் அது 13.56 மெகாஹேர்ட்ஸ் அட்டை. வராவிட்டால் 125 கிலோஹேர்ட்ஸ் வகையாக இருக்கலாம். அதனை வாசிக்கும் அன்ரெனா தொலைபேசியில் இல்லை. ஃபிளிப்பர் இரண்டையும் வாசிக்கும்.

உண்மையான இடைவெளி கேற் ரிமோட்டில்தான் இருக்கிறது. 900 மெகாஹேர்ட்ஸில் அழைப்பு எடுக்கும் தொலைபேசியால் கேற் ரிமோட்டுகள் பல பயன்படுத்தும் 433 மெகாஹேர்ட்ஸில் ஏன் அனுப்ப முடியாதென்று கேட்பார்கள். தொலைபேசியின் ரேடியோ, அழைப்புகளைக் கையாளும் மோடம் என்ற பகுதியின் சொந்த மென்பொருளுக்குள் பூட்டப்பட்டிருப்பதால், விரும்பிய மீடிறனில் விரும்பிய சமிக்ஞையை அனுப்பும்படி எந்தச் செயலியாலும் பணிக்க முடியாது. ஃபிளிப்பரிலுள்ள சிசி1101 என்ற ரேடியோச் சில்லு 300–348, 387–464, 779–928 மெகாஹேர்ட்ஸ் பட்டைகளில் இயங்கவல்லது. ஆயினும் உங்கள் கேற் உருள் குறியீட்டு முறையில் இயங்கினால், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் குறியீடு மாறும். ஒருமுறை ஏற்கப்பட்ட குறியீட்டைக் கேற்றிலுள்ள வாங்கிக் கருவி மறுபடி ஏற்காது. கேற்றுக்காக மட்டுமென்றால், பொருத்தியவரிடம் மேலதிக ரிமோட் ஒன்றைப் பதிவித்துக்கொள்வதே மலிவான வழி என்பேன். சோதனை உங்கள் சொந்தக் கேற்றுடனும் அட்டையுடனும் நிற்கட்டும். இலங்கையில் ரேடியோக் கருவிகள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை.

வைஃபையில் நிலைமை தலைகீழ்: ஃபிளிப்பருக்குத் தனிப் பலகை பொருத்த வேண்டும், தொலைபேசிக்கு எதுவும் தேவையில்லை. ரேடியோவைக் கேட்பது மட்டுமே நோக்கமென்றால், ஆர்டிஎல்-எஸ்டிஆர் டொங்கிள் என்ற சிறிய யுஎஸ்பி ரேடியோ வாங்கியை, யுஎஸ்பி கருவிகளைத் தொலைபேசியில் பொருத்தும் ஓடிஜி வயரால் அன்ரொயிட் தொலைபேசியில் இணைத்தால், ஏறத்தாழ 24 முதல் 1,700 மெகாஹேர்ட்ஸ் வரை கேட்கலாம்; அதனால் எதையும் அனுப்ப முடியாது.